இறுக்கமான மூடி

என் மீசையைக் கண்டாலே வீறிட்டு அழும் பேத்திக்கு, விலங்குப் படம் போட்ட அட்டைப் புத்தகம் வாங்கப் போனேன்.

“படத்து மேல ஒட்டியிருக்கிற இந்தச் சின்ன அட்டை மூடியைத் தூக்குனா உள்ளே யானை இருக்கும், பெரியவரே. கைக்குழந்தைகூட சுலபமா திறந்துடும்,” என்றான் கடைக்காரன்.

“சுலபமா திறந்தா சுலபமா கிழியும். வேற எடு.”

அவன் பேச்சை நம்பாமல் ஒவ்வொன்றையும் நானே இழுத்துப் பார்த்துத் தள்ளினேன். அடியில் கிடந்த ஒரு முரட்டு அட்டைப் புத்தகத்தின் மூடியை அவனாலேயே திறக்க முடியவில்லை. என் கட்டைவிரல் நகத்துக்குத்தான் மசிந்தது.

“இதைக் கட்டு.”

வீட்டில் பேத்தி இழுத்துப் பார்த்துச் சிணுங்கினாள். மருமகளும் முயன்று தோற்றாள்.

“ஊரையே சந்தேகப்படுவீங்க. கடைசியில விக்காததை உங்க தலையில கட்டிட்டானே, மாமா. கொடுங்க, மாத்திட்டு வரேன்.”

“ஏமாந்துட்டேன், விடும்மா,” என்றபடி நகத்தைக் கொடுத்து நெம்பினேன். மாடு எட்டிப் பார்த்தது.

பேத்தி அழவில்லை. மூடியைத் தட்டி மூடிவிட்டு, புத்தகத்தோடு என் மடியில் ஏறி, மறுபடி திறக்கச் சொல்லி என் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தாள்.

அந்த ஒரு நகத்தை மட்டும் ஒரு மாதமாக வெட்டாமல் வளர்த்தது வீண்போகவில்லை.