கோன்செட்

பைக் என்ஜினுக்கு அடியில் கட்டையைக் கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு, மெக்கானிக் பால்துரை ஹேண்டில்பாரை ஒரு விரலால் தட்டிவிட்டான். அது தன் பாட்டுக்கு இடப்பக்கம் போய் விழுந்தது. வலப்பக்கம் தட்டினான், அப்படியே விழுந்தது. சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினான். சத்தமே இல்லை.

“ஹேண்டில் கழுத்துல உள்ள பேரிங்கு, கோன்செட்டு, நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி. போச்சுன்னு யாரு சொன்னா?”

“ஹேண்டில் ஆடுதுல்லா. இறுக்கி விடுடே,” என்றார் மாசானம். கல்குவாரியில் இருபத்திரண்டு வருடமாக அதிரும் மெஷினைப் பிடித்துப் பாறையில் துளை போடுகிறவர். போன மாதம் இந்த வண்டி ஆடிச் சரிந்ததில், பின்னால் இருந்த மனைவிக்குக் கை ஒடிந்தது. அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

“இதுக்கு மேல இறுக்குனா ஹேண்டில் திரும்பாது. மறுபடி ரெண்டு பேருமா பள்ளத்துல போய் விழவா?”

“அப்ப இறுக்க வேண்டாம். கோன்செட்டுதான் போயிருந்துச்சு, மாத்தியாச்சுன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா.”

பால்துரையின் கையெல்லாம் கிரீஸ். மாசானமே மனைவியின் நம்பரைப் போட்டு, போனை அவன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். போன் அவன் காதில் படபடவென்று தட்டிக்கொண்டே இருந்தது.

“கோன்செட்டு மாத்தியாச்சுக்கா. இனி ஆடாது.”

போன் தட்டும் சத்தம் மறுமுனையிலும் கேட்டிருக்க வேண்டும்.

“போன அவருதான் பிடிச்சிருக்காரா தம்பி?” என்றாள்.