பழமை மாறாமல்

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வார்னிஷ் விரலில் ஒட்டியது.

தேக்குக் கிராதி. இடுப்பளவு உயரம். மாதா கோயிலின் இடப்பக்கத்தை நடுவிலிருந்து தனியே பிரித்து நின்றது.

கூரை வேலைக்காகக் கோயிலை அடைத்தபோது அதையும் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். ஒழிந்தது பீடை என்றுதான், அந்த இடப்பக்கத்தில் உட்காரும் அவளுடைய கீழத்தெருவே நினைத்தது.

வேலை முடியும்வரை பூசை நடந்தது, மூடிக்கிடந்த அரிசி ஆலையில்.

தரையில் தார்ப்பாய். தலைக்கு மேல் தகரம். இடப்பக்கம், நடுப்பக்கம் என்று ஒன்றும் கிடையாது. முந்தி வந்தவர் முந்தி உட்கார்ந்தார். தவிட்டுத் தூசியில் மேலத்தெரு தும்மியது. கீழத்தெருவும் தும்மியது.

அங்கேதான் மேலத்தெரு ரெஜினா அவளுக்குப் பக்கத்தில் உட்காரப் பழகினாள். நற்கருணை வாங்கப் போகும்போது பேரப்பிள்ளையை இவள் மடியில் விட்டுப் போவாள். ஒருநாள் பிள்ளை மடியை நனைத்துவிட்டது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இன்று கோயில் திறப்பு.

ஆயர் வந்திருந்தார்.

கிராதியும் வந்திருந்தது.

"இது என்னத்துக்குய்யா மறுபடியும்?"

திருப்பணிக் குழுத் தலைவர் மிக்கேல்ராசு சிரித்தார். "பழமை மாறாமப் புதுப்பிச்சிருக்கோம் ஜெசிந்தா. பாட்டன் காலத்துக் கோயில்லா. இருந்தது இருந்தபடி இருக்கணும்."

"ஓடு புதுசு. விளக்கு புதுசு. மைக்கு புதுசு. இது மட்டும் இருந்தபடி இருக்கணுமோ?"

அவர் முகத்தில் சிரிப்பு காணாமல் போனது.

"நல்ல நாளும் அதுவுமா வாயக் குடுக்காத. போயி ஒன் எடத்துல உக்காரு."

ஒன் எடம்.



அவள் தாலியை மந்திரித்தது அந்த இடத்தில்தான். அப்பாவின் சவப்பெட்டியை இறக்கி வைத்ததும் அங்கேதான். நடுவாசல் வழியாக அதை எடுத்துப் போக விடவில்லை. இந்தக் கூரைக்கு ஓடு சுமந்த தலைகளில் அவள் தலையும் ஒன்று.

கீழத்தெரு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கால்கள் தாமாகவே இடப்பக்கம் திரும்பின. ஒருவரும் கிராதியைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை.

அவள் சேலையை வாரிச் செருகினாள்.

ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள். பிறகு மறு காலை.

வார்னிஷ் சேலையெல்லாம் அப்பியது. "ஏட்டி!" என்று மிக்கேல்ராசு போட்ட அதட்டல், ஆயரைக் கோயிலுக்குள் அழைத்து வந்த மேளத்தில் அமுங்கிப்போனது.

நேரே போய் ரெஜினா இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பாடல் தொடங்கியது.

பெஞ்சின் அந்தக் கோடியில் ஒருத்தி எழுந்தாள். அடுத்து இன்னொருத்தி, பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. அப்புறம் மற்றவர்களும்.

ரெஜினா கடைசியாக எழுந்தாள்.

"வம்பு வேண்டாம் ஜெசி. அங்கனயே போயிரு." குனிந்து முணுமுணுத்துவிட்டுப் பின்பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

நீளப் பெஞ்சில் அவள் மட்டும்.

எழ வேண்டிய இடத்தில் எழுந்தாள். முழங்காலிட வேண்டிய இடத்தில் முழங்காலிட்டாள். ஒரு செபமும் வாயில் வரவில்லை. கடித்த பல்லைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும்.

ஆயர் கைகளை விரித்தார். அருகில் இருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார்.

கோயில் முழுக்கச் சலசலப்பு. ஆளுக்கு ஆள் திரும்பிக் கைகூப்பினார்கள்.

அவளுக்கு இரண்டு பக்கமும் வெறும் பலகை.

பின்னால் திரும்பினாள்.

ரெஜினா அவசரமாகக் கைகூப்பினாள். உதடு அசைந்தது.

அவள் கூப்பவில்லை. கண்ணை எடுக்கவும் இல்லை.

சலசலப்பு அடங்கியது. எல்லோரும் பீடத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். அவள் திரும்பவில்லை. பாடகர் குழு அவளையே பார்த்தபடி, பாட்டைத் தொடங்காமல் நின்றது.

ரெஜினாவின் கூப்பிய கை மெல்லப் பிரிந்தது.

கீழே இறங்கி, ஜெசிந்தா தனியாக நின்ற முன்பெஞ்சின் முதுகைப் பற்றியது.