மூன்றாவது ஆள்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு பதக்கத்தின் கதை சொல்கிறேன். சின்னதுதான், நீங்கள் சாய்ந்து உட்கார்வதற்குள் முடிந்துவிடும்.

பெரிய கூடத்தை ஒட்டிய அறையில் அந்தச் சிப்பாய் விறைப்பாக நின்றான். அவன் சட்டையின் இடது மார்பில் மனைவி ஒரு சின்னக் கொக்கியைத் தைத்துக்கொண்டிருந்தாள். மேடையில் பெரியவர்கள் யாரும் ஊசி குத்துவதில்லை; கொக்கியில் பதக்கத்தை மாட்டிவிடுவார்கள், அவ்வளவுதான்.

"குண்டுக்கு அசையாத ஆளு, ஊசிக்கு இப்படி நெளியிறீங்களே," என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. ஜன்னல் திரை வெள்ளையாக எழுவதையும் அடங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். போர்முனையிலிருந்து திரும்பிய நாள் முதல் அப்படித்தான். பாதி ஆள் இங்கே, பாதி ஆள் அந்தப் போர்முனைப் பனிமூட்டத்தில்.

அங்கே நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆற்றுப் படுகையில் அடிபட்டுக் கிடந்த தோழர்கள் இருவரை, குண்டுகளுக்கு நடுவே, ஒவ்வொருவராக முதுகில் சுமந்து வந்தான். இனிப் போகாதே என்று உத்தரவு வந்தது. மறுபடியும் போனான்.

மூன்றாவது ஆளைக் கொண்டுவந்து சேற்றைக் கழுவிப் பார்த்தால், எதிரிப் படைக்காரன்.

கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனுக்கு 'மாறாட்டம்' என்றே பெயர்.

மேலதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. சேற்றில் ஆள் தெரியவில்லை, யார் கேட்டாலும் இதையே சொல் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நம் ஆள் என்று நினைத்து உத்தரவை மீறியிருந்தால் வீரம். தெரிந்தே மீறியிருந்தால் விசாரணை.

செய்த தவறுக்காகக் கூசுகிறான் என்றுதான் மனைவி நினைத்தாள். சேறு பூசிவிட்டால் பெற்றவளுக்கே பிள்ளை அடையாளம் தெரியாது என்று தேற்றினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மேடையில், பதக்கம் வழங்க வந்திருந்த பெரியவர் அதைக் கொக்கியில் மாட்டினார். கண்ணில் குறும்போடு, அந்த மூன்றாவது தடவை என்னப்பா ஆயிற்று என்று கேட்டார். ஒலிபெருக்கி அதைக் கூடம் முழுக்கக் கொண்டுபோனது. எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள். முன்வரிசையில் மேலதிகாரியின் உதடுகள் 'சேறு' என்று ஓசையில்லாமல் அசைந்தன.

அவன் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது.

"தெரிஞ்சுதான் போனேன் ஐயா. நான் முதல்ல போனப்போ, தானும் அடிபட்டு, எங்க ஆளுங்க ரெண்டு பேருக்கும் தண்ணி குடுத்துக்கிட்டுக் கிடந்ததே அவன்தான்."

பெரியவரின் கை பதக்கத்தின்மேல் அப்படியே நின்றது.

விட்டுவைத்தாரா, கழற்றினாரா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டாம் வரிசையிலிருந்த மனைவி அதைப் பார்க்கவில்லை. அவன் தோள்களைத்தான் பார்த்தாள். முதுகில் இருந்த ஆளை அப்போதுதான் மெல்லத் தரையில் கிடத்தியவனைப்போல, அவை தளர்ந்து இறங்கியிருந்தன.

உங்கள் வீட்டுக்கு நாவறண்டு யார் வந்தாலும், யாரென்று கேட்பதற்கு முன்னால் உங்கள் செம்பு நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா. நன்றாயிருங்கள்.