தானாக மாறும் செட்டிங்

“அவளக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க தம்பி. கரண்டு கிரண்டு அடிச்சிரப் போவுது.”

மேசைமேல் ஸ்பீக்கரில் கிடந்த போனிலிருந்து ஜெயகணேஷின் குரல் வந்தது. அவர் கத்தாரில் இருக்கிறார். மில்லர்புரத்து வீட்டில் அவர் மனைவி சண்முகப்ரியா மட்டும்தான். அவள் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டாள்.

கம்ப்யூட்டரைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்த அனஸுக்கு அதைக் கேட்கக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அவனுடைய அக்கா லுப்னாவின் மாப்பிள்ளையும் வளைகுடாவில்தான் வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமை மட்டும் பேசுவார். இவரானால் வேலைக்கு நடுவிலும் மனைவி சாப்பிட்டாளா, மருந்து போட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ரிப்பேர் முடியும்வரை போனை ஸ்பீக்கரிலேயே வைத்திருக்கச் சொன்னதும் அவர்தான்.

இதே கம்ப்யூட்டருக்காக அனஸ் வருவது இது மூன்றாவது முறை. வீட்டுக் கேமராக்கள் எல்லாம் இதன் வழியாகத்தான் ஜெயகணேஷின் போனுக்குப் போகின்றன. லீவில் வந்தபோது அவர் இன்னும் இரண்டு கேமரா மாட்டினார். அதற்கு ஈடு கொடுக்கப் புது ராம் மெமரி அட்டை ஒன்று வாங்கி, பழையதற்குப் பக்கத்தில் அவரே சொருகிவிட்டுப் போனார். அவர் போன கையோடு கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து எழ ஆரம்பித்தது.

முதல் முறை வந்தபோது, உப்புக் காற்று பட்டு ராம் கெட்டிருக்கும் என்று நினைத்து ரப்பரால் தேய்த்துப் போட்டுப் பார்த்தான். கேட்கவில்லை. பிறகுதான் கோளாறு பிடிபட்டது. பழைய ராம் மெதுவாக ஓடக்கூடியது, புதியது வேகமானது. கம்ப்யூட்டர் எழும்போதே ஓடும் பயாஸில், ராமை வேகப்படுத்தும் எக்ஸ்.எம்.பி. என்ற செட்டிங் ஆனில் இருந்ததால் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடப் பார்த்தன, பழையது தாங்கவில்லை. அதை அணைத்ததும் எல்லாம் ஒழுங்காயிற்று. அவன் ஒவ்வொரு பட்டனாக அமுக்குவதை சண்முகப்ரியா கடைசிவரை கூடவே நின்று பார்த்தாள்.

இரண்டாம் முறை வந்தபோது அந்த செட்டிங் மறுபடியும் ஆனில் இருந்தது. போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோனால் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்து கடையிலிருந்து வந்த நிலைக்கே திரும்பிவிடும்; இந்த போர்டு அந்த செட்டிங் ஆனில் இருந்தபடியே வருவது. அதனால் பேட்டரியை மாற்றிவிட்டுப் போனான்.

இன்றைக்கும் ஆனில்தான் இருந்தது. ஆனால் தேதியும் நேரமும் அச்சாகச் சரியாக இருந்தன. பேட்டரி தீர்ந்திருந்தால் கடிகாரம்தான் முதலில் தப்பும்.

“பேட்டரி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இந்த செட்டிங் தானா மாறாது” என்றான் அனஸ். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது.



“அவளுக்கு அத ஆன் பண்ணக்கூடத் தெரியாதே தம்பி.” ஜெயகணேஷின் குரல் மாறியிருந்தது. “ஏளா, வீட்டுக்கு யாரு வந்தது?”

சண்முகப்ரியா யாரும் வரவில்லை என்றாள். அவர் விடவில்லை. கடைசியாகக் கேமராப் படம் நின்றது எப்போது, அதற்கப்புறம் எங்கே போனாள், கதவைத் திறந்தது யாருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

அனஸுக்கு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று செட்டிங்கை அணைத்துக் கம்ப்யூட்டரை ஓடவிட்டான். நெட் ஒயரை இன்னும் சொருகவில்லை, ஜெயகணேஷுக்குப் படம் போகாது. திரையில் கேமராப் படங்கள் கட்டம் கட்டமாக எழுந்தன. வாசல். மாடிப்படி. அடுப்படி.

கடைசிக் கட்டத்தில் கட்டில் இருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் குளியலறைக் கதவும் தெரிந்தது.

அனஸ் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். சண்முகப்ரியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயாஸுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டு எனக்கு மட்டும் அனுப்பிருங்க தம்பி” என்றார் ஜெயகணேஷ். “இனி எவன் கை வைக்கான்னு பாப்போம். ஏளா, கேட்டதுக்குப் பதில் சொல்லு. யாரு வந்தது?”

அவள் மேசையருகே வந்தாள். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். திரை விழிக்கும் முன்பே டெலீட் பட்டனை ஒரு விரலால் தட்டத் தொடங்கினாள். பயாஸ் திறந்தது. எங்கும் தேடவில்லை, தடுமாறவில்லை. நேரே எக்ஸ்.எம்.பி.க்குப் போனாள், ஆன் செய்தாள், சேமித்தாள்.

“யாரும் வரல” என்றாள் போனைப் பார்த்து. விரல்கள் இன்னும் கீபோர்டில்தான் இருந்தன.

கம்ப்யூட்டர் எழுந்து, கட்டங்கள் வந்து, ஒரு நடுக்கத்தோடு எல்லாம் இருண்டன. அவள் அனஸிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் போன் வழியாக அவர் காதில் விழும்.

“தம்பி, நீங்க சொல்லுங்க” என்றார் ஜெயகணேஷ். “தானா மாறாதுன்னு சொன்னீங்களே. அப்ப யாரோ தொட்டிருக்கான்லா?”

அனஸ் குனிந்து பவர் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான்.

“யாரும் தொடல அண்ணாச்சி. போர்டே போயிருச்சு, இனி இது ஓடாது.”