நாற்பத்தோராம் வீட்டுத் தயிர்

“மேடம், திட்டாதீங்க. தயிர் மாதிரிகளைக் கலந்துட்டேன்போல,” என்றார் ஆய்வக உதவியாளர். “வீட்டுக்கு வீடு தயிர்ல பாக்டீரியா மாறுது. ஆனா நாற்பத்தோராம் வீட்டுத் தயிரும் உங்க வீட்டுத் தயிரும் அச்சு அசலா ஒண்ணு. பதினோரு வகையும்!”

விஞ்ஞானி அந்த வீட்டு முகவரியைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கதவைத் திறந்த நாற்பத்தோராம் வீட்டுக்காரம்மா பயந்துபோனார். “தயிர்ல ஏதாவது கோளாறா?”

“இல்லைங்க. இதுக்கு உறைமோர் யார் குடுத்தா?”

“மாடியில குடியிருந்த பொண்ணு. பொறந்த வீட்டுலேருந்து அது ஒண்ணைத்தான் டப்பாவுல எடுத்துட்டு வந்தாளாம்.”

“இடது புருவத்துல தழும்பு இருக்குமா?”

“ஆமா. நீங்க...?”

“நான்தான் அவ அம்மா. கோபத்துல வெளியே போன்னு சொல்லிட்டேன். ஏழு வருஷமா தேடறேன். இப்ப எங்கே இருக்கா?”

வீட்டுக்காரம்மா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“போன வருஷம் மஞ்சள்காமாலையில போயிட்டாம்மா.”

விஞ்ஞானி அவரையே வெறித்துப் பார்த்தார்.

“உடம்பு முடியாதப்போ ஒருநாள் உங்க வாசல் வரைக்கும் வந்தா. நீங்க செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தீங்களாம். கூப்பிட பயமா இருந்துச்சுன்னு திரும்பி வந்துட்டா.”