ரூட் செய்த உதவி

எஸ்தரின் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் படுத்துவிட்டது. கலங்கிப்போயிருந்த ஹார்டு டிஸ்க்கிடம், கையோடு வேறொரு லினக்ஸைக் கொண்டுவந்த பென் டிரைவ் சொன்னது:

“அண்ணே, நான் ரூட். அறையைத் திறங்க!”

ரூட் என்றால் லினக்ஸில் சகல அதிகாரமும் உள்ள பயனர்; எந்தக் கதவும் மறுபேச்சுப் பேசாது. உள்ளே போன பென் டிரைவ் பழுதைச் சரிசெய்தது. சிதறிக் கிடந்த கல்யாணப் படங்களைப் புதுப் பெட்டியில் அடுக்கி, பழக்கதோஷத்தில் ரூட் என்ற தன் பேரில் பூட்டிவிட்டுக் கிளம்பியது.

மறுநாள் எஸ்தர் படம் பார்க்க வந்தாள். ‘அனுமதி இல்லை’ என்றது பெட்டி. அவள் மறுபடி செருகிய பென் டிரைவிடம் டிஸ்க், “என்ன தம்பி, இப்படிப் பண்ணிட்டியே!” என்றது.

பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ், பிடுங்கிய மறுகணமே எல்லாம் மறந்துபோகும் பிறவி.

“அடப்பாவமே, யாருண்ணே இப்படிப் பூட்டினது? கவலைய விடுங்க. நான் ரூட். அறையைத் திறங்க!”