எட்டு வாரப் பொடி

“அம்மா, போன் மணி அடிச்சா உன் கை ஏன் இப்படி நடுங்குது?”

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருநாள் கேட்ட இந்தக் கேள்விதான் அவளை டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வேலை. உயிருக்கு ஆபத்தான அழைப்பு என்றால் பக்கத்துப் பக்கத்து மேஜை இரண்டிலும் சிவப்பு விளக்கு எரியும். யார் முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ, அழைப்பு அவருக்கு. பத்து வருடமாக ஊரார் அலறலைக் கேட்டுக் கேட்டு, பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன் அவள் உடம்பில் எல்லை மீறிவிட்டது. ரத்த அழுத்தம் நூற்றைம்பத்தெட்டு.

“இது இறங்கலைன்னா உங்களை அந்த சீட்டுல உக்காரவிட மாட்டாங்கம்மா. கோப்பு அறைதான்,” என்றார் டாக்டர். “நாங்க ஒரு அமினோ அமிலப் பொடியைச் சோதிக்கறோம். ரத்தக் குழாயைத் தளர்த்துமான்னு பார்க்கணும். எட்டு வாரம். பாதிப் பேருக்கு நிஜப் பொடி, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு கடைசி நாள்லதான் எனக்கே தெரியும். சேர்றீங்களா?”

சேர்ந்தாள். இன்று கடைசி நாள்.

“நடுவுல வேலையெல்லாம் எப்படிப் போச்சு?” கையில் பட்டையைச் சுற்றியபடி கேட்டார் டாக்டர்.

“அதை ஏன் கேக்கறீங்க! பக்கத்து சீட்டுக்கு ஒரு முந்திரிக்கொட்டை வந்து சேர்ந்திருக்கு. விளக்கு எரியறதுக்குள்ள பொத்தான்ல கை! ஆண்டுப் பரிசு மேல கண்ணு போலிருக்கு.”

“பேசாம இருங்க. பேசினா ஏறும்.” டாக்டர் மீண்டும் ஒருமுறை அளந்தார். “நூத்தி இருபத்தாறு!”

அவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். “என் சீட்டு எனக்குத்தான்! மூணாம் நாளே தெரியும் டாக்டர், நிஜப் பொடியேதான்!”

சிரித்தபடி, அவளுக்குக் கொடுத்தது எது என்று எழுதி ஒட்டியிருந்த உறையைக் கிழித்த டாக்டரின் புருவம் சுருங்கியது.

“மாவும்மா.”

“என்னது? எட்டு வாரமா மாவையா கரைச்சுக் குடிச்சேன்?”

“நம்பிக்கையிலயும் கொஞ்சம் இறங்கும். ஆனா உங்களுக்கு அந்த ஹார்மோனே பாதியாக் குறைஞ்சிருக்கு. எப்படின்னுதான் புரியலை.” சான்றிதழில் கையெழுத்திட்டு நீட்டினார். “கடவுள் புண்ணியம்னு வெச்சுக்குங்க.”

கால் தரையில் பாவாமல் அலுவலகத்துக்கு ஓடிவந்தாள். சான்றிதழைப் பார்த்து மேற்பார்வையாளரும் வாயெல்லாம் பல்லானார். “வாங்க வாங்க! அப்படியே ரெண்டு மாச அழைப்புப் பட்டியல்ல ஒரு கையெழுத்து.”

பேனாவைத் திறந்தவள் நின்றுவிட்டாள். எட்டு வாரத்தில் அவள் எடுத்த சிவப்பு அழைப்புகள் ஒன்பது. பக்கத்து மேஜைக்காரர், இருநூற்றுப் பன்னிரண்டு.

“பார்த்தீங்களா சார்? பரிசு அவருக்குத்தானே?”

“பரிசா? என் பேரைச் சேர்க்காதீங்கன்னு அந்த சீட்டுக்கு வந்த அன்னிக்கே எழுதிக் கொடுத்துட்டாரே!”

அவள் விரல் பட்டியலில் மெல்ல இறங்கியது. அவள் விடுப்பு எடுத்த ஆறு நாட்களிலும் அவர் மற்றவர்களைப் போலத்தான், நாளுக்கு இரண்டு மூன்று. அவள் வந்து உட்கார்ந்த நாட்களில் மட்டும்தான் அந்தப் பாய்ச்சல்.

“சார்... அவரை யாரு என் பக்கத்துல போட்டது?”

“யாரும் போடலையே. அவரேதான் கேட்டு வாங்கினார். உங்க கை நடுங்கினதைப் பார்த்தாராம். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னார், நான்தான் உளறிட்டேன்.”

அவள் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். கால்மணி நேர ஓய்வில் அவர் மேஜைமேல் தலை சாய்த்து, ஒரு கையை மட்டும் பொத்தான் பக்கத்திலேயே வைத்தபடி கண்ணயர்ந்திருந்தார். அந்தப் பக்கமிருந்த மற்றவர்கள் அவரவர் அழைப்பில் மூழ்கியிருந்தார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. ‘ஆண்டவனே, துணைக்கு இரு’ என்று முணுமுணுத்து, மணி ஒலிக்கும் முன்னே அழுத்தினாள். அவர் தூக்கம் கலையாதபடி தாழ்ந்த குரலில் பேசினாள்.

கால்மணி கழித்து அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “ஐயோ, அசந்துட்டேன். சிவப்பு ஏதாவது வந்துச்சாம்மா?”

“ஒண்ணுகூட வரலைண்ணே. இன்னும் கொஞ்ச நேரம் படுங்க,” என்றாள், மூன்றாவது ஆம்புலன்ஸை அப்போதுதான் அனுப்பிவைத்திருந்தவள்.